திண்டுக்கல் சீமையில் நாயனம்: அன்றும் இன்றும்

தை பிறந்தால் திண்டுக்கல் வட்டாரத்து நாயனக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பழனியில் தைப்பூசம், அதன் பின்னாலேயே கல்யாண முகூர்த்தங்கள், மாசியில் திண்டுக்கல் கோட்டை மாரியம்மனும் நத்தம் மாரியம்மனும், பங்குனியில் உத்திரம், வைகாசியில் மறுபடி முகூர்த்தம், ஆடியில் ஊருக்கு ஊர் அம்மன் பொங்கல், ஆவணியில் கல்யாணமும் காதுகுத்தும். புரட்டாசியும் மார்கழியும் வந்துவிட்டால் கல்யாண வீட்டு அழைப்பு நின்றுபோகும். கோயில் சேவகம் இருப்பவர்களுக்கு மட்டும் அன்றாட வேலை உண்டு.

இந்தக் கணக்கு தாத்தா காலத்திலும் இதுதான், பேரன் காலத்திலும் இதுதான். இதற்குள் வாழ்கிறவர்களின் வாழ்க்கைதான் தலைகீழாக மாறிவிட்டது. நாயனத்தை, அதாவது நாதஸ்வரத்தை, யார் கையில் எடுக்கலாம், யாரிடம் கற்கலாம், எங்கே உட்கார்ந்து வாசிக்கலாம், வாசித்ததற்கு என்ன மரியாதை என்ற எல்லாக் கேள்விகளுக்கும் இன்றைய பதில் வேறு. இந்த மாற்றத்தில் வந்த நன்மைகள் பெரியவை, அவற்றை மனம் நிறைந்து வரவேற்கிறேன். ஆனால் ஒன்றை இழந்துகொண்டிருக்கிறோம். உட்கார்ந்து கேட்கிற ஊர் குறைந்துகொண்டே வருகிறது. அதை மீட்காவிட்டால் மற்ற நன்மைகள் எதுவும் நிலைக்காது.

குருவின் வீடு, பழனியின் பள்ளி

அன்று நாயனம் பிறப்போடு வந்தது. இசை வேளாளர் குடும்பங்களிலும், மதுரை, திண்டுக்கல், கொங்குப் பகுதிகளில் மருத்துவர் சமூகத்துக் குடும்பங்களிலும் ஆண் பிள்ளை பிறந்தால் அவன் தொழில் அன்றே முடிவாகிவிடும். எட்டு, பத்து வயதில் பையனைக் கொண்டுபோய் ஒரு வித்வான் வீட்டில் விடுவார்கள். தண்ணீர் எடுப்பது, வாத்தியத்தைத் துடைத்து வைப்பது, குருவின் பின்னால் பெட்டி சுமப்பது எல்லாம் அவன் வேலை. விடியலுக்கு முன் சாதகம். கச்சேரிக்குப் போனால் முதல் சில வருஷம் கையில் ஜால்ரா. தாளம் உடம்பில் ஊறிய பிறகு சுருதி பிடிக்கும் ஒத்து. அதன் பிறகுதான் குருவுக்குப் பக்கத்தில் இரண்டாவது நாயனம். ராகத்தின் பெயர் தெரிவதற்கு முன்பே அதன் நடமாட்டம் அவன் காதுக்குத் தெரிந்திருக்கும்.

பக்கத்து மதுரையே இந்தப் பரம்பரைக்குச் சிறந்த உதாரணம். மதுரைப் பொன்னுசாமிப் பிள்ளை வாசிப்பில் பெரும்பெயர் எடுத்ததோடு நில்லாமல், ‘பூர்வீக சங்கீத உண்மை’ என்று இசை இலக்கணத்தைப் பற்றி நூலும் எழுதியவர். அவருடைய பேரன்கள்தான் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசன் உதட்டில் வைத்த நாயனத்துக்கு உள்ளே ஒலித்தது இவர்களுடைய மூச்சு. படம் பார்த்தவர்களில் எத்தனையோ பேருக்கு நாயன வித்வான் என்றால் எப்படி இருப்பார் என்று தெரிந்ததே அன்றைக்குத்தான்.

அந்தக் குருகுலத்தில் ஆழம் இருந்தது, கதவு இல்லை. வேறு சாதிப் பையன் எவ்வளவு ஆசைப்பட்டாலும் உள்ளே போவது அரிது. பெண் பிள்ளைக்கு அதைவிட அரிது. குருவின் மனநிலையைப் பொறுத்தே பாடம். கற்கும் காலத்துக்குக் கணக்கில்லை. பையன் பள்ளிக்கூடம் போனானா என்று யாரும் கேட்டதில்லை.

இன்று பழனித் தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயில் நிர்வாகமே நாதஸ்வரம், தவில் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. சாப்பாடும் தங்குமிடமும் கோயிலே பார்த்துக்கொள்கிறது. மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. பல மாவட்டங்களில் கலை பண்பாட்டுத் துறையின் இசைப்பள்ளிகள் மூன்றாண்டுப் பயிற்சி தருகின்றன. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றோடு தேவாரம், நாதஸ்வரம், தவில் மூன்றும் அங்கே சமமான பாடங்கள். இந்த மூன்றுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், சேரலாம். ஆடு மேய்த்தவர் மகனும் நூற்பாலைத் தொழிலாளி மகளும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து நாயனம் கற்கலாம் என்பது நூறு வருஷத்துக்கு முன்னால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குறை எங்கே என்றால், மூன்று வருஷம் முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே வாசிப்பது என்பதற்கு விடை இல்லை. பழைய குரு கற்றுக்கொடுத்தவர் மட்டுமில்லை. தன் பக்கத்தில் உட்கார வைத்து ஊருக்குக் காட்டியவரும் அவர்தான். பத்து வருஷம் அவரோடு மேடையேறிய பிறகு சிஷ்யனுக்குத் தனியாக அழைப்பு வந்தது. பள்ளியின் ஆசிரியர் எவ்வளவு நல்லவரானாலும், அவர் மாணவனுக்குச் சான்றிதழ் தரலாம், சபையைத் தர முடியாது.

அறுபடாத சுதி

பழைய மேளத்தில் கேட்பவர் கண்ணில் அதிகம் படாத ஒருவர் இருந்தார், ஒத்துக்காரர். ஒத்து என்பது பார்வைக்கு நாயனம் போலவே இருக்கும். விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. ஆதார ஸ்ருதியை மட்டும் விடாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். ராக ஆலாபனை ஒரு மணி நேரம் போனால் ஒத்தும் ஒரு மணி நேரம் அறுபடாமல் ஒலிக்க வேண்டும். மனிதன் எப்படி மூச்சே விடாமல் ஊதுவான்? அதற்கு ஒரு வித்தை உண்டு. கன்னம் இரண்டையும் காற்றால் நிரப்பி வைத்துக்கொள்வார். அந்தக் காற்றைக் கன்னத்தசையால் அழுத்தி வாத்தியத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே, மூக்கு வழியாக நெஞ்சுக்குள் புதிய காற்றை இழுத்துக்கொள்வார். கன்னத்துக் காற்று தீர்வதற்குள் நெஞ்சுக் காற்று வந்து சேர்ந்துவிடும். வெளியே கேட்பவருக்கு ஒலியில் ஒரு சிறு நெளிவுகூடத் தெரியாது.

இதைப் பழகும் பையனுக்குக் கன்னம் வீங்கும், காது அடைக்கும், உதடு மரத்துப்போகும். ஆனால் அந்த வருஷங்களில் அவன் குருவின் வாசிப்பை ஒரு முழம் தூரத்தில் இருந்து, தானே ஸ்ருதியாக நின்று கேட்டான். சுருதி சுத்தம் என்பது அவனுக்குப் புத்தகத்தில் படித்த விஷயமில்லை, உடம்புக்குப் பழகிய விஷயம்.

முதலில் துருத்தி வைத்த சுருதிப் பெட்டி வந்தது. பிறகு மின்சார சுருதிப் பெட்டி வந்தது. இன்று கைபேசிச் செயலியே போதும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஆளுக்குச் சம்பளம் மிச்சம். கருவியின் ஸ்ருதியோ இம்மி பிசகாது. ஆனாலும் ஒத்துக்காரர் நின்ற இடத்தில்தான் அடுத்த தலைமுறை உட்கார்ந்திருந்தது. அந்த இருக்கை போனதோடு, கேட்டே கற்கும் வாய்ப்பும் பாதி போய்விட்டது.

மரமும் நாணலும்

வாத்தியமும் மாறியிருக்கிறது. அன்று ஊரெங்கும் ஒலித்தது திமிரி, குட்டையான, உச்ச ஸ்ருதி நாயனம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தேர் எந்த வீதியில் வருகிறது என்று நாலு தெருவுக்கு அப்பால் இருப்பவருக்கும் சொல்லிவிடும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்த நீண்ட பாரி நாயனம் கச்சேரி மேடைக்கு உரியதாயிற்று. ஸ்ருதி இறங்கியது, நாதம் கனத்தது, நுட்பமான கமகங்களுக்கு இடம் கிடைத்தது. ஆச்சா மரத்தில் செய்யும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. திண்டுக்கல் பக்கத்துக் கரகாட்ட, காவடியாட்டக் குழுக்களோடு போகும் நையாண்டி மேளத்தில் திமிரியின் வீச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது.

மாறாத ஒன்று சீவாளி. காவிரிக்கரையில் விளையும் நாணலை வெட்டி, காய வைத்து, பக்குவப்படுத்தி, தட்டையாக்கி, நூலால் கட்டிச் செய்கிற, உதட்டில் வைத்து ஊதும் சின்னஞ்சிறு பொருள். நாயனத்தின் வாய்ப்பக்கம் சங்கிலியில் நாலைந்து சீவாளிகளும் ஒரு ஊசியும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்குத் தொங்கவிட்டதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசிக்கும் முன் வித்வான் ஒன்றை எடுத்து நாக்கில் நனைப்பார். லேசாக ஊதிப் பார்ப்பார். வாய் இறுகியிருந்தால் ஊசியை உள்ளே விட்டு விரிப்பார். அகன்றிருந்தால் விரலால் அழுத்துவார். வெயில் ஏறினால் காய்ந்துவிடும், மழைக்காற்றில் ஊறிவிடும். சித்திரை மாதத் திண்டுக்கல் வெயிலில் சாமியோடு வீதி சுற்றுகிறவர் அரை மணிக்கு ஒருமுறை சீவாளி மாற்றினால் அதில் ஆச்சரியமில்லை. பல்லும் உதடும் இந்த நாணலோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் முன்பல் விழுந்தால் நாயனக்காரர் கலங்கிப்போகிறார்; பிழைப்பே அந்தப் பல்லில்தான் இருக்கிறது.

தவிலில் மாற்றம் கண்ணுக்கே தெரியும். பலா மரக் குடத்துக்கு இருபுறமும் தோலை இழுத்துக் கட்ட அன்று தோல் வார்கள். வார் தளர்ந்தால் இழுத்துக் கட்டவே தனி ஆள்பலம் வேண்டும். இன்று இரும்புக் குழாயும் போல்ட்டும் நட்டும். ஸ்பானரைத் திருகினால் ஸ்ருதி ஏறுகிறது. வலது கை விரல்களில் மாட்டும் கூடும், இடது கைக் கழியும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நின்றவர்கள் உட்கார்ந்த கதை

அன்றைய நாயனக்காரர் கலையில் ராஜா, ஊர் நடப்பில் ஊழியர். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் வாசலோரம் நின்று வாசிக்க வேண்டும். சட்டை போடக் கூடாது, துண்டை இடுப்பில் கட்ட வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடுகள் இருந்தன. எழுபது வயது வித்வானையும் பண்ணையார் வீட்டுப் பிள்ளை ஒருமையில் கூப்பிடும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு கடைசிப் பந்தியில் இலை போடுவார்கள்.

இதை முறித்தவர்களில் முதல்வர் ராஜரத்தினம் பிள்ளை. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்த அவர், குடுமியை எடுத்து கிராப் வைத்தார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார், ஷெர்வானி அணிந்தார், வாய்ப்பாட்டு வித்வானுக்குத் தரும் மரியாதை தனக்கும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். அவருடைய தோடி ராகத்தைக் கேட்டவர்களுக்கு அந்தக் கோரிக்கையை மறுக்க வழியிருக்கவில்லை. அவருடைய சிஷ்யர் காருக்குறிச்சி அருணாசலம் 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து வாசித்து, நாயனத்தை ரேடியோ இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனார். 1964-இல் அவர் மறைந்தபோது வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா நாச்சியார்கோயில் வித்வான்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தையே ஊராக்கிக்கொண்டார். 1977-இல் பத்மஸ்ரீ, 1998-இல் சங்கீத கலாநிதி. பெருமாள் சந்நிதியில் முஸ்லிம் வித்வானின் நாயனம் ஒலித்ததைத் தமிழ்நாடு இயல்பாக ஏற்றுக்கொண்டது. கலைக்கு எல்லாக் கதவும் திறக்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

பெண்களின் கதை இன்னும் கடினமானது. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் சிறு வயதிலேயே நாயனம் எடுத்து, ஆண்கள் மட்டுமே நின்ற இடத்தில் நின்று புகழ்பெற்றார். கணவர் இறந்த பிறகு மங்கல வாத்தியத்தைக் கைம்பெண் தொடுவதா என்ற வழக்கம் அவர் கையைக் கட்டிப்போட்டது. 2012-இல் அவர் மறைந்தார். சின்ன மௌலானாவின் வழியில் வந்த காலீஷாபி மகபூப் தம் கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று இசைப்பள்ளிகளில் நாயனப் பெட்டியோடு வரும் பெண் பிள்ளைகளைப் பார்க்கும்போது, பொன்னுத்தாய் இழந்த வருஷங்களுக்கு இவர்கள் ஈடு கட்டட்டும் என்று மனம் வேண்டுகிறது.

மலைநாட்டுக் குழல் சொல்லும் பாடம்

நாயனத்துக்குத் தூரதேசத்தில் ஒரு பங்காளி உண்டு, ஸ்காட்லாந்தின் பேக்பைப். இதிலும் இரட்டை நாக்கு கொண்ட நாணல், விரல் வைக்கும் குழல், திறந்த வெளியில் முழங்கும் ஓசை. ஒத்துக்காரரின் கன்னம் செய்கிற வேலையை அங்கே கக்கத்தில் இடுக்கிய தோல் பை செய்கிறது. தோளில் சாய்ந்த குழல்கள் ஆதார ஸ்ருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

தமிழ் மண்ணுக்கு இந்தக் குழல் போர்க்களத்தோடு வந்தது. 1755-இல் திண்டுக்கல் கோட்டையின் பௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, இருந்து மேலே வந்த மைசூர் ஹைதர் அலி, 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேயர் தரப்புத் தளபதி ஐர் கூட்டின் படையை எதிர்த்து நின்றார். கூட்டின் பக்கம் ஹைலேண்டர் என்ற ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவும் அதன் குழல்காரர்களும் இருந்தார்கள். குழலோசையை முன்பு மதிக்காத கூட், அன்றைய சண்டைக்குப் பின் வெள்ளிக் குழல் வாங்கிக்கொள்ள 50 பவுண்டு கொடுத்தார் என்று அந்தப் படைப்பிரிவின் வரலாறு சொல்கிறது. ஆங்கிலேயர் போய்விட்டார்கள். இந்திய ராணுவத்தின் காலாட்படைப் பிரிவுகளில் பைப் பேண்ட் இன்றும் இருக்கிறது.

ஸ்காட்லாந்துக் குழல்காரர்களும் ஒருகாலத்தில் பரம்பரை ஊழியர்கள்தான். ஸ்கை தீவில் மக்லவுட் குலத்தலைவர்களுக்கு மக்ரிம்மன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் குழல் வாசித்தது, போரெரைக் என்ற ஊரில் சிஷ்யர்களை வைத்துக் கற்றுக்கொடுத்தது. நம் தவில்காரர் சொற்கட்டைச் சொல்லிக் கொடுப்பது போலவே, அவர்களும் இசையை அசைகளாக வாயால் பாடிக் கற்பித்தார்கள். 1746-இல் கலோடன் போரில் மலைநாட்டார் தோற்றதும் குலத்தலைவர்களின் ஆட்சி சரிந்தது. ஆதரித்தவர் போனார், பரம்பரைப் பள்ளியும் போயிற்று.

அதன்பின் அவர்கள் செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். முதலில் ராணுவம் குழல்காரர்களுக்குப் பிழைப்புத் தந்தது. 1910-இல் ராணுவத்தின் குழலிசைப் பள்ளி உருவாயிற்று. வில்லி ராஸ் என்ற பைப் மேஜர் எடின்பரோ கோட்டையில் 35 ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்து தலைமுறைகளை வார்த்தார். இன்வர்னஸ் ஊர் ஜான் மக்டொனால்டின் சிஷ்யர்கள் ராபர்ட் பிரவுனும் ராபர்ட் நிக்கோலும் பால்மோரல் அரச எஸ்டேட்டில் வேட்டைநிலப் பணியாளர்களாக வேலை பார்த்தபடியே பெரும் ஆசான்கள் ஆனார்கள். 1944-இல் ஷேமஸ் மக்நீலும் தாமஸ் பியர்ஸ்டனும் கிளாஸ்கோவில் குழலிசைக் கல்லூரி தொடங்கினார்கள். 1996-இல் தேசியக் குழலிசை மையமும் அங்கேயே வந்தது. ஓபன், இன்வர்னஸ் ஊர்களின் தங்கப் பதக்கப் போட்டிகள் ஒவ்வொரு இளைஞனுக்கும் ஏற வேண்டிய படியாயின. 1970களின் நடுப்பகுதி வரை அந்தப் போட்டிகளில் பெண்களுக்கு இடமில்லை. கதவு திறந்ததும் போட்டியிட்ட முதல் பெண்களில் ஒருவர் பட்ரிஷியா ஹென்டர்சன். அவருடைய மகள் ஃபே ஹென்டர்சன் 2010-இல் ஓபனில் தங்கப் பதக்கம் வென்ற முதல் பெண் ஆனார்.

பள்ளி, போட்டி, மேடை, வேலை ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு ஆகஸ்டிலும் கிளாஸ்கோவில் உலகப் பைப் பேண்ட் போட்டி நடக்கிறது. நாள் முழுக்க நின்று கேட்க ஆயிரக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். நமக்குப் பள்ளி இருக்கிறது, கோயில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இளைஞன் ஏற வேண்டிய படிகள்தான் இல்லை.

கல்யாண மண்டபமும் கோயில் வாசலும்

அன்று மேளம் பேசுவது ஒரு சடங்கு. வெற்றிலை பாக்கு, பழம், முன்பணத்தோடு வீட்டுக்கே வந்து அழைப்பார்கள். மாப்பிள்ளை அழைப்பு இரவு ஊர்வலம் நின்று நின்று நகரும். ஒவ்வொரு முச்சந்தியிலும் ஒரு ராகம். தாய்மாமன் சீர் வருகிறதென்றால் மேளம் எதிர்கொண்டு போய்க் கூட்டி வரும். பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து, “சாமி, அந்தக் கரகரப்பிரியாவை இன்னொரு தடவை” என்று கேட்பார்கள். நல்ல பிடி விழுந்தால் மேல் துண்டை எடுத்துப் போர்த்துவார்கள். இரவு முழுக்க வாசித்தவரை ஊர் நினைவு வைத்திருக்கும்.

இன்று கைபேசியில் பேசி முடித்துவிடுகிறார்கள். முன்பணம் ஜிபேயில் வருகிறது. ஊர் பெயரோடு யூடியூபில் காணொளி போட்டிருக்கும் செட்டுக்கு வெளியூர் அழைப்பும் வருகிறது. இது நல்லது. தரகர் இல்லாமல் கலைஞரே தன் விலையைச் சொல்ல முடிகிறது. பட்டு வேட்டி, சட்டை, கழுத்தில் சங்கிலியோடு காரில் வந்து இறங்குகிற இளைஞரை யாரும் ஒருமையில் கூப்பிடுவதில்லை.

ஆனால் மண்டபத்துக்குள் அவருக்குக் கிடைக்கிற நேரம் சுருங்கிவிட்டது. வாசலில் கேரளத்துச் செண்டை முழங்குகிறது. வரவேற்பில் டிஜே. “அண்ணே, அந்தப் புதுப்பாட்டை வாசிங்க” என்று இளவட்டம் வந்து நிற்கிறது. சினிமாப் பாட்டை நாயனத்தில் கேட்க எனக்கும் பிடிக்கும், அதில் தவறில்லை. அதை மட்டுமே கேட்டால்தான் தவறு. முகூர்த்த நேரத்தில் ஐயர் கை உயர்த்தினால் கெட்டிமேளம். அந்த ஒரு கணத்துக்காக நாயனக்காரர் கண் இமைக்காமல் மணவறையையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்று அவருக்கும் மணவறைக்கும் நடுவே கேமராக்காரர்கள் மதில் போல நிற்கிறார்கள். யார் கை எப்போது உயர்ந்தது என்பதே அவருக்குத் தெரிவதில்லை.

கோயில்களில் நிலைமை இரண்டு விதம். பழனி மலையில் விளா பூஜை தொடங்கி இராக்காலம் வரை காலங்கள் தவறுவதில்லை. மாலையில் தங்கத் தேர் புறப்பாடு. அப்படிப்பட்ட பெரிய கோயிலில் வேலை கிடைத்த வித்வானுக்கு மாதச் சம்பளம், ஓய்வுக்காலத்துக்கு ஒரு நம்பிக்கை, வீட்டுக்கடன் கேட்டால் வங்கியில் மரியாதை எல்லாம் உண்டு. ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் எத்தனையோ மேதைகளுக்குக் கிடைக்காத நிம்மதி இது. சிறிய கோயில்களிலோ மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் சேர்ந்த எந்திரம் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் தீபாராதனை முடியும்வரை ஒரே அடி. மேளக்காரருக்குத் தர வருமானம் இல்லாத கோயில் அதை வாங்கியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் எந்திரத்தால் சாமி புறப்பாட்டுக்கு உரிய மல்லாரியை வாசிக்க முடியாது. சாமி பிரகாரத்தில் திரும்பும் இடத்தில் ராகத்தை மாற்றத் தெரியாது. அந்தத் தெருவில் விளையாடும் ஒரு சிறுவன் அதைக் கேட்டு, தானும் ஊத வேண்டும் என்று ஆசைப்படப் போவதுமில்லை.

2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இந்தப் பிழைப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று தெரிந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் ஒட்டுமொத்தமாகப் போயின. கோயில் திருவிழாக்கள் நின்றன. கோயில் சம்பளம் உள்ளவர்கள் தாங்கினார்கள். முகூர்த்தத்தை நம்பியவர்கள் சலூனுக்கும் நூற்பாலைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை.

நாம் செய்ய வேண்டியது

அன்று ஊர் கேட்டது, கலைஞருக்கு மரியாதை இல்லை. இன்று மரியாதை வந்திருக்கிறது, கேட்க ஊர் இல்லை. இரண்டும் சேர்ந்து இருக்க முடியும். அதற்கு அரசாங்கத்தையோ பெரிய அறக்கட்டளையையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை.

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம், பழனிப் பக்கத்து விழாக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். திருவிழா இரவுகளில் ஒன்றையாவது நாயனத்துக்கு ஒதுக்குங்கள். பெரிய வித்வான் ஒருவரை அழையுங்கள். அவருக்கு முன்னால் அரை மணி நேரம், இசைப்பள்ளியில் படித்து முடித்த உள்ளூர்ப் பிள்ளைக்கு மேடை கொடுங்கள். அவர் வாசிக்கும்போது பக்கத்து ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்த படியின் முதல் கல் இதுதான்.

கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. மேளத்துக்குப் பணம் கொடுத்துவிட்டீர்கள், காதையும் கொடுங்கள். மாலையில் விருந்தினர் வரத் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் அவர்கள் விருப்பப்படி வாசிக்கட்டும். வீட்டுப் பெரியவர் இரண்டு பேரும் பிள்ளைகள் நாலு பேரும் எதிரே உட்கார்ந்து கேட்டால் போதும். மணவறை தெரியும்படி இடம் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.

கேட்கிறவர் இருக்கும்வரை வாசிக்கிறவர் இருப்பார். பள்ளிகள் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்களுக்கு முன்னால் உட்கார வேண்டியது நம் பொறுப்பு.